நாற்பத்தொன்றாம் அதிகாரம்

"மதர், ஒரு சந்தேகம்," என்றாள் சலேத்து.

மதர் கபிரியேல் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சலேத்து மடத்துக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. இது எத்தனையாவது சந்தேகம் என்று எண்ணுவதை மதர் இரண்டாம் மாதமே விட்டுவிட்டார்.

"கேளு."

"அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி, கண்காணாத தேசத்துல, பேர் தெரியாத ஒரு சாமியார் எழுதி வச்ச புத்தகம். அதை இன்னும் ஏன் படிக்கிறாங்க?"

"நல்லாயிருக்கு. படிக்கிறாங்க."

"கள்ளச் சரக்கும்தான் நல்லா விற்குது, மதர்."

மதர் ஊசியில் நூல் கோத்தார்.

சலேத்து சந்தேகப் பிராணி. பிறவியிலேயே அப்படியா என்று தெரியாது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில், பைண்டிங் பகுதியில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். ஒரு ஃபாரம் விட்டுப்போனாலும் புத்தகம் குறைதான், மேலட்டை எவ்வளவு பளபளத்தாலும் சரி. அதனால் அவள் எந்தப் புத்தகத்தையும் படிப்பதற்கு முன் எண்ணுவாள். பெரும்பாலும் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் ஐம்பத்தொரு வயதில் அடைப்பு மடத்தில் போய்ச் சேர்ந்தாள் என்றதும் சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அங்கே போனால் வெளியே வர முடியாது, தெரியுமா என்றார்கள். சுற்றிலும் ஆள் உயர மதில். உள்ளே பதினான்கு பெண்கள். ஊர் ஊராகக் கோயில்களுக்குப் பூசை அப்பம் சுட்டு அனுப்புவார்கள். மீதி நேரம் ஜெபம். பேச்சு குறைவு.

உண்மையைச் சொன்னால், சலேத்து பக்தி முற்றிப்போய் வரவில்லை. துப்புத் துலக்க வந்தாள்.

அவளுக்கு ஒரே தங்கை, பிரகாசி. வயிற்றில் கட்டி வந்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து செத்துப்போனாள். அந்த மூன்று மாதமும் தலைமாட்டில் ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம் இருந்தது. அதைத்தான் படித்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இல்லையாடி?" என்று சலேத்து கேட்பாள்.

"இல்லைக்கா," என்பாள் பிரகாசி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பயமாக இருந்தது. சாகப்போகிறவளுக்குப் பயமில்லையாம். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று சலேத்துக்கு அன்றே தோன்றிவிட்டது. எதையோ சொல்லி அந்தப் புத்தகம் தன் தங்கையை மயக்கிவிட்டது. எதைச் சொல்லி மயக்கியது என்று பிரித்துப் பார்ப்பதற்குள், புத்தகத்தைப் பிரகாசியின் நெஞ்சின்மேல் வைத்துப் புதைத்துவிட்டார்கள்.

விசாரித்தாள். கடைகளில் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகத்தை வேறெங்கும்விட இந்த மடத்தில்தான் விடாமல் படிக்கிறார்கள் என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் புத்தகம் என் தங்கையை ஏமாற்றியதா, இல்லையா?

மாதா திருநாளன்று அவளுக்கு வார்த்தைப்பாடு. ஆயர் முன்னால் முழந்தாளிட்டு, இனி இதுதான் என் வீடு, இதுதான் என் வழி என்று சத்தியம் செய்ய வேண்டும். ஏமாற்றியிருந்தால் அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். கூசாமல் பொய்ச் சத்தியம் செய்ய அவளுக்கு வராது.

திருநாளுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"பதில் சொல்லுங்க, மதர்."

மதர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாளை மத்தியானத்துலேர்ந்து சாப்பாட்டு வாசிப்பு நீதான்."

"நான் கேட்டது…"

"சத்தமா வாசி. கடைசியில உக்காந்திருக்கிற சிஸ்டருக்குக் காது மந்தம்."



அந்த மடத்தில் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. ஒருவர் மட்டும் சுவரோரம் மேடையில் நின்று கறுப்புப் புத்தகத்தை வாசிப்பார். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். வாசிக்கிறவர் கடைசியில் தனியாகச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த சலேத்துக்கு இதுவரை அடுக்களையில்தான் சாப்பாடு; வாசிப்பு அவள் காதில் அரைகுறையாகத்தான் விழுந்திருந்தது.

வாசிப்பில் பிசகு வந்தால் மதர் கரண்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். வாசிக்கிறவர் அந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

மதர் கையில் புத்தகம் கிடையாது.

இதை யார் நம்புவது? சலேத்து முதல் நாளே ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கினாள்.

டக்.

மறுநாள் அரை வரியைத் தாண்டினாள்.

டக்.

மூன்றாம் நாள் 'உன் கண்ணீரால் அவர் பாதங்களைக் கழுவு' என்றிருந்ததை 'உன் வெந்நீரால்' என்று வாசித்தாள்.

டக்.

மேசையின் கடைசியில் காது மந்தமான சிஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் காதின்மேலும் சலேத்துக்குச் சந்தேகம் வந்தது.

பாத்திரம் கழுவும் இடத்தில் மதரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எல்லாம் மனப்பாடம்."

"ஆமா."

"மனப்பாடமான பின்னாடி எதுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது?"

"நேத்துத்தானே சாப்பிட்டே. இன்னைக்கு எதுக்குச் சாப்பிட்டே?"

இந்த மாதிரிப் பதில்களை மதர் மொத்த விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார் என்று சலேத்து நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் வாசித்தாள். தினம் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் சந்தேகம் பெருத்தது.

புத்தகம் இனிப்பாக இருந்தது. தாழ்ச்சி நல்லது. பொறுமை நல்லது. உலகம் புகை. ஆத்துமமே, அழாதே. இதற்கா அறுநூறு வருஷம்? இதைச் சொல்லவா பிரகாசி மாதிரி ஒரு கெட்டிக்காரியின் தலைமாட்டில் மூன்று மாதம் கிடந்தது? மிட்டாய்க்கடையில் கிடைக்கிற சரக்கு இது என்று அவளுக்குக் கோபம் வந்தது. தங்கை இவ்வளவு லேசாக ஏமாந்தாளே என்று அவமானமாகவும் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் நாற்பதாம் அதிகாரம் வந்தது. சாவைப் பற்றியது.

'மரணம் வாசலில் வந்து நிற்கும்போது விளக்கைத் தூண்டிவிட்டுக் கதவைத் திற. வந்திருப்பவர் அந்நியரல்ல. உன் பெயர் அவருக்குத் தெரியும்.'

அகப்பட்டுவிட்டது. இதுதான். இந்தப் பக்கத்தில்தான் பிரகாசி விரலை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். வந்திருப்பவர் அந்நியரல்லவாம். சுவரில் பல்லி ஓடினாலே அலறுகிறவளிடம் இதைச் சொல்லி நம்ப வைத்திருக்கிறது.

மறுநாள் மேடையில் ஏறினாள். மிச்சத்தையும் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

தாளைத் திருப்பினாள்.

'நாற்பத்திரண்டாம் அதிகாரம். ஆகையால், ஆத்துமமே, எழுந்து முகத்தைக் கழுவு.'

ஆகையாலா? எதனால்?

கட்டைவிரலைத் தாளின் அடியில் வைத்துத் தடவினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்துக்கு அடுத்து இருநூற்றொன்று. நடுவில் தையலை ஒட்டி, நகக்கண் அகலத்துக்கு ஒரு துண்டு விளிம்பு நின்றது. கிழிந்ததில்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியது. வெட்டியவர் கை தொழில் தெரிந்த கை இல்லை, ஆனால் அவசரப்படாத கை.

அவள் வாசிப்பை நிறுத்திவிட்டு மதரைப் பார்த்தாள்.

மதர் கரண்டியைத் தட்டவில்லை. ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.



"ஒரு தாளை வெட்டியிருக்காங்க," என்றாள் சலேத்து.

"ஆமா."

"யாரு?"

"நான்தான்."

சலேத்து இதை எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஒருவரும் முதல் கேள்வியிலேயே ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொண்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அதுல என்ன இருந்துச்சு?"

"நாற்பத்தொண்ணாம் அதிகாரம்."

"அது எனக்கே தெரியுது. என்ன எழுதியிருந்துச்சு?"

"அது சத்தமா வாசிக்கிறதுக்கு இல்லை."

"ஏன்?"

"வாசிப்பு என் முறையா இருந்தப்ப ஒரு தடவை வாசிச்சேன். அன்னைக்குக் குழம்பு முழுக்க மீந்துபோச்சு."

சொல்லிவிட்டு மதர் அப்பம் சுடுகிற அறைக்குப் போய்விட்டார்.

குழம்பு மீந்ததற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? சலேத்து இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். அசிங்கமாக ஏதாவது எழுதியிருந்ததா? திருச்சபைக்கு ஆகாதது ஏதாவதா? தங்கையை மயக்கின மருந்து அதில்தான் இருந்ததோ?

வேறு பிரதியைப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒவ்வொரு சிஸ்டரிடமும் சொந்தமாக ஒன்று உண்டு. அது அவரவர் அறையில் அவரவர் தலையணைக்கு அடியில் இருக்கும். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் தொடுவதில்லை. அது மடத்து வழக்கம். புதிதாக வந்தவளுக்கு வார்த்தைப்பாடு அன்றுதான் ஒரு பிரதி கொடுப்பார்கள்.

"இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்தானே," என்றார் மதர். "உனக்கும் ஒண்ணு வந்திடும்."

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் பிரிச்சுப் பார்க்கிற சரக்கா, மதர்?"

மதர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

அந்த வாரம் இன்னொன்று நடந்தது. மதிலைத் தாண்டாத மதர், வாசலில் வந்து நின்ற காரில் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். மூன்று நாள் கழித்து மறுபடியும் கார் வந்தது. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மடம் இல்லை அது.

சலேத்துக்குக் கேட்கத் தேவையே இல்லை. ஆயர் வீட்டுக்குத்தான். இந்தக் கிழவிக்கு வார்த்தைப்பாடு கொடுக்காதீர்கள், வாயும் சரியில்லை, மனமும் சரியில்லை என்று சொல்லப் போயிருக்கிறார். தன்னைவிட இரண்டே வயது மூத்த மதர் தன்னைக் கிழவி என்று சொல்லியிருப்பார் என்று தானே கற்பனை செய்து, அதற்காகத் தானே மனம் நொந்தாள்.

பையை எடுத்துத் துணிகளை அடுக்கி வைத்தாள். வெளியே போகச் சொன்னால் உடனே போய்விடலாம். யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவரை நிற்கிறவள் இல்லை அவள்.



திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் மதர் அவள் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்.

"மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி இருக்கு. செத்துப்போன சிஸ்டர்மாருடைய புத்தகங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வெயில்ல வைக்கணும். இல்லாட்டிப் பூச்சி அரிச்சிடும்."

சலேத்து சாவியைப் பார்த்தாள்.

"கறுப்புப் புத்தகமா?"

"ஆமா."

"இன்னொருத்தர் புத்தகத்தை நான் படிக்கக் கூடாதுன்னு இருக்கே."

"நீ எங்கே படிக்கப் போறே," என்றார் மதர். "எண்ணு, போதும்."

இதில் ஒரு பொறி இருக்கிறது என்று சலேத்து நினைத்தாள். இருந்தாலும் போனாள்.

முப்பத்தேழு புத்தகங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. பின்முற்றத்தில் பாய் விரித்து, எல்லாவற்றையும் மூடினபடியே வரிசையாக அடுக்கினாள். வேப்பிலையை உதறிப் போட்டாள். பிறகு குந்தி உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில், முதுகுக்கு எதிர்ப்பக்கம் தாள்கள் சேர்ந்து தெரியும் விளிம்புகளை ஒரு பார்வை பார்த்தாள்.

மூடியிருக்கிற புத்தகத்தின் விளிம்பு பொய் சொல்லாது. கை அதிகம் பட்ட இடம் கறுத்திருக்கும். ஒரு கோடு மாதிரித் தெரியும்.

முதல் புத்தகத்தில், பாதி தாண்டிச் சற்றுத் தள்ளி ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

இரண்டாவதிலும் இருந்தது. அதே இடம்.

மூன்றாவதிலும்.

அவள் எழுந்து நின்று பார்த்தாள். முப்பத்தேழு புத்தகத்திலும் ஒரே இடத்தில் கோடு ஓடியது.

இது மதரின் வேலை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எனக்குக் காட்டவே உட்கார்ந்து அழுக்காக்கியிருக்கிறார். சும்மா விடுவாளா? ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ஒன்றில் அப்ப மாவு. ஒன்றில் மெழுகு. ஒன்றில் முட்டிவலிக்குத் தேய்க்கிற தைல வாசனை. ஒன்றில் மூக்குப்பொடி. பெருவிரல் தடம் ஒன்று அகலம், ஒன்று ஒடிசல். ஒன்றில் இடது கைத் தடம். சில கறை நாற்பது ஐம்பது வருஷப் பழசு. ஒரு ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

சரி, எந்தப் பக்கம்? சாவுப் பக்கமாகத்தான் இருக்கும். வந்திருப்பவர் அந்நியரல்ல என்கிற பக்கம். ஒரு புத்தகத்தை எடுத்து நாற்பதாம் அதிகாரத்தைப் பிரித்தாள்.

தாள் பிரஸ்ஸிலிருந்து வந்த மாதிரி வெளேரென்று இருந்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படித்தான். அந்த இனிப்பான பக்கத்தை யாரும் சீண்டக்கூட இல்லை.

கறுப்பு அதற்கு அடுத்த தாளில் இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் இருநூறும். மூலை மழுங்கி, எழுத்து மங்கி, துணி மாதிரித் தொளதொளத்துப் போன ஒரே ஒரு தாள்.

சலேத்து படித்தாள்.

'நாற்பத்தொன்றாம் அதிகாரம்.

இன்று தேவரீர் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

வருவீர் என்று இந்தப் புத்தகத்தில் எழுதினது இந்தக் கைதான். எழுதினது பொய்யோ என்று கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மணி அடித்தது. போனேன். எல்லாரோடும் நின்றேன். வாய் பாடிற்று.

எனக்குப் பயமாயிருக்கிறது. என்னைப் பார்க்க வந்த சகோதரன் என் கட்டிலருகே அழுதான். எனக்குப் பயமில்லை என்று சொல்லி அவனைச் சாப்பிட அனுப்பினேன். அவன் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவன் எவனோ, நான் அறியேன். நீயும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாயானால், கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடு.'

அவ்வளவுதான். மிச்சத் தாள் வெற்றாக இருந்தது.

அவள் இன்னொரு முறை படிக்கவில்லை. விரல் தன்னால் தையல் நூலைத் தேடியது. இருநூறுக்கும் இருநூற்றொன்றுக்கும் நடுவில் நூல் தளர்ந்திருந்தது. முதலிலிருந்து எண்ணினாள். பதிமூன்றாவது ஃபாரம், நட்ட நடு. பக்கத்துப் புத்தகத்தை எடுத்தாள். அதிலும் பதிமூன்றாவது ஃபாரத்தில் நூல் தளர்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரகாசி இரண்டு தடவை புத்தகத்தை அவளிடம் நீட்டினாள். "அக்கா, ஒரு ஃபாரம் கழண்டு வருது, தச்சுக் குடு." இரண்டு தடவையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். எந்தப் பிரஸ்காரன் தைத்தானோ, அவன் கையில் புற்றுதான் வரும் என்று ஏசிக்கொண்டே தைத்தாள். புற்று வந்து படுத்திருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி ஏசினாள். பிரகாசி அதற்கும் சிரித்தாள்.

இரண்டு தடவையும் கழன்றது பதிமூன்றாவது ஃபாரம். அவள் எண்ணித்தான் தைத்தாள். படிக்கவில்லை.

மத்தியானம் ஆனால் பிரகாசி சொல்வாள், "பயமெல்லாம் இல்லைக்கா. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா."

சலேத்து போவாள். கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி, ஊறுகாய் தொட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவாள். மூன்று மாதமும் போனாள். திரும்பி வரும்போதெல்லாம் பிரகாசி சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்வாள்.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள். தங்கை சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பி, எழுந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறாள்.

சலேத்து வெயிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த மடத்தில் சத்தம் போடக்கூடாது. போட்டாள்.

யாரும் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அன்று அவளுக்குப் பதில் வேறு யாரோ மேடையில் ஏறி வாசிப்பது முற்றம்வரை கேட்டது. வரி வரியாகப் பிசகியது. ஒரு இடத்திலும் கரண்டி தட்டவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதரின் அறைக்குப் போனாள்.



கதவு ஒருக்களித்திருந்தது. மதர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு இந்தப்பக்கம் திரும்பினார்.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எத்தனை?"

"முப்பத்தேழு. எல்லாத்துலயும் பதிமூணாவது ஃபாரம்."

மதர் தலையை ஆட்டினார்.

"அவ என்கிட்ட பொய் சொல்லியிருக்கா, மதர்."

"யாரு?"

"என் தங்கச்சி. புத்தகம் அவளை ஏமாத்தல. அவதான் என்னை ஏமாத்திட்டா."

சலேத்து வாசலிலேயே நின்றாள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"அன்னைக்கு ஏன் குழம்பு மீந்துச்சு?"

"அப்ப இருந்த பெரிய மதருக்கு அன்னைக்குக் காய்ச்சல். அவங்க இருந்திருந்தா அந்த அதிகாரத்தைத் தாண்டச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியாது. வாசிச்சிட்டேன்." மதர் மூச்சு வாங்கிக்கொண்டார். "மேடையிலேர்ந்து பார்த்தா எல்லாரும் தெரிவாங்கல்ல. பதினொரு தலையும் ஒரே நேரத்துல குனிஞ்சுது. ஒருத்தரும் அதுக்கப்புறம் சாப்பிடல. தான் மட்டும் திருட்டுத்தனமாப் படிக்கிற பக்கம் அதுன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சிருந்தாங்க. யாரோ கண்டுபிடிச்சுட்டாங்கன்னு பயந்துட்டாங்க."

"பதினொரு பேருமா?"

"என்னைச் சேர்த்தாப் பன்னெண்டு. மறுநாள் பெரிய மதர் கத்தரிக்கோலை என் கையில குடுத்தாங்க."

சலேத்து பார்வையைத் தாழ்த்தினாள். நாற்காலியில் ஒரு பெரிய மஞ்சள் உறை கிடந்தது.

அந்த உறையை அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் போட்டுக் கொடுக்கிற உறை. அதே ஆஸ்பத்திரி. மூன்று மாதம் அந்த உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்திருக்கிறாள்.

"கார்ல ஆயர் வீட்டுக்குப் போகலையா நீங்க?"

"ஆயருக்கு என்ன? நல்லாத்தான் இருக்கார்."

"மத்த சிஸ்டர்மாருக்குத் தெரியுமா?"

"திருநாள் முடியட்டும். உன் வார்த்தைப்பாடும் இருக்கு. அதுக்குள்ள எதுக்கு எல்லாரையும் கலங்க அடிக்கணும்."

வெளியே சாப்பாடு முடிந்து பெஞ்சுகள் நகர்கிற சத்தம் கேட்டது.

"பயமா இல்லையா, மதர்?"

மதர் கபிரியேல் சிரித்தார். நல்ல சிரிப்புதான். குறை சொல்ல முடியாது.

"சேச்சே, பயமெல்லாம் இல்லை. நீ போய்ச் சாப்பிடு. சோறு ஆறிப்போகும்."

சலேத்து நம்பவில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"கொஞ்சம் நகருங்க, மதர்," என்றாள்.